பந்திக்கு இடம் விடுங்கள்

பழைய வீடுகளை வாங்கிச் சீரமைக்கும் அன்பர்களுக்குச் சாலவாக்கத்திலிருந்து ஒரு திறந்த மடல்



உத்திரமேரூர் வட்டம் சாலவாக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நீங்கள் வீடு பார்க்க வருவது இப்போது அடிக்கடி நடக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த தொட்டிக்கட்டு வீடு வேண்டும், முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கிணறும் கொல்லையும் இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். வாரிசுகள் வெளியூரில் இருப்பார்கள், வீடு பூட்டிக் கிடக்கும், கூரையில் பாதி சரிந்திருக்கும். அதை விலைக்கு வாங்கி, ஓட்டைப் பிரித்து, கரையான் தின்ற பனஞ்சட்டத்தை மாற்றி, சிமெண்டைத் தொடாமல் சுண்ணாம்பு புளிக்கவைத்துப் பூசி, வீட்டைத் தூக்கி நிறுத்துகிறீர்கள். இதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இடித்துத் தளம் போட்டிருந்தால் ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு செய்கிற உங்களிடம்தான் எனக்கு ஒரு குறை இருக்கிறது. கூரையிலும் சுவரிலும் தரையிலும் அத்தனை கவனமாக இருக்கும் நீங்கள், சாப்பாட்டுக் கூடத்துக்குச் சாமான் வாங்கப் புறப்படும்போது தடம் மாறிவிடுகிறீர்கள். வேலை முடியும் தறுவாயில், கையில் மிச்சமிருக்கும் பணத்தோடு, கிரகப்பிரவேசத் தேதி நெருங்கும் அவசரத்தோடு நடப்பதால் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சின்ன விஷயம் இல்லை. அந்த ஒரு கூடத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு உங்கள் வீட்டின் முற்றத்தைப் பாதிக்கிறது, எங்கேயோ இன்னொரு வீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது, எங்கள் ஊர்த் தச்சரின் வருமானத்தையும் தொடுகிறது. இன்னும் ஒன்றையும் தொடுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டைப் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சாப்பிடுவதற்கென்று தனி அறை கிடையாது. வீட்டு மனிதர்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விசேஷம் என்றால் கூடத்தில் பந்தி. இலையை எடுத்து இடத்தை மெழுகிவிட்டால் அது மறுபடியும் கூடம். அதே தரையில் பிற்பகலில் உளுந்து புடைத்தார்கள், மாலையில் பிள்ளைகள் படித்தார்கள், இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் மட்டும் சாப்பாட்டுக்கென்றே நீளமான கூடம் உண்டு. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வரவழைத்துக் கட்டியவர்கள் அவர்கள். எந்த நாட்டு மேசையையும் வாங்கிப் போட வசதி இருந்தது. முன்கட்டில் ஐரோப்பிய நாற்காலிகள் போடத்தான் செய்தார்கள். ஆனால் அந்த நீளக் கூடத்தில் பந்திப்பாயை விரித்துத் தரையில்தான் உட்கார வைத்தார்கள். நூறு பேர் வந்தாலும் பந்தி பந்தியாகப் பரிமாற முடிந்ததற்குக் காரணம், அந்தத் தரை வெறுமையாக இருந்ததுதான்.

வெறுமையாக விட்ட அந்தத் தரையை நீங்கள் குறையாகப் பார்க்கிறீர்கள். காலியாகக் கிடக்கிறதே, எட்டுப் பேர் உட்காரும் மேசை ஒன்று போடலாமே என்று தோன்றுகிறது. போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் மேசை என்றால் ஆறேழு அடி நீளம், மூன்றரை அடி அகலம். நாற்காலியைப் பின்னால் இழுக்கவும், பரிமாறுகிறவர் சுற்றி வரவும் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி வேண்டும். மொத்தத்தில் ஒன்பது, பத்து அடி அகலம். எங்கள் வீட்டுத் தாழ்வாரங்கள் ஐந்தடி, ஆறடி, மிஞ்சினால் ஏழடி. மேசை உள்ளே போகாது. உடனே உங்கள் கண் முற்றத்துக்குப் போகிறது. முற்றத்தின் மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு மூடிவிட்டால் நடுவில் அழகான சாப்பாட்டு ஹால் கிடைத்துவிடும் என்று உங்களுக்கு வரைபடம் போடுகிறவரும் சொல்லிவிடுகிறார்.

அங்கேதான் வீடு மூச்சுமுட்ட ஆரம்பிக்கிறது. சூடேறிய காற்று மேலே போக முற்றம்தான் வழி. அது மேலே போகப் போகத் திண்ணைப் பக்கத்திலிருந்தும் கொல்லைப் பக்கத்திலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே இழுபடும். மேலே தகடு போட்டு அடைத்தால் வெயில் மட்டும் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. சித்திரை வெயிலில் அந்த ஹாலில் உட்கார்ந்து உங்களால் ஒரு வாய் சோறு உண்ண முடியாது. பிறகு ஏசி. ஏசிக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைப்பு. அடைத்த வீட்டில் சுண்ணாம்புச் சுவரின் ஈரம் காய வழியில்லாமல் பூசணம். ஒரு மேசைக்காக ஆரம்பித்தது இங்கே வந்து நிற்கிறது. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அப்படி மூடிய முற்றங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வந்து விழும் கூடல்வாய் ஓட்டுக்குக் கீழே பி.வி.சி. குழாயைச் சொருகி, தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த வீட்டுக் கிணற்றுக்குப் போக வேண்டிய மழை அது.

ஜன்னலையும் கொஞ்சம் கவனியுங்கள். பழைய வீட்டு ஜன்னல்கள் பல இடங்களில் தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்திலேயே தொடங்கும். கட்டியவர் அறியாமல் வைத்ததல்ல. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கும் மார்புக்கும் காற்று வர வேண்டும் என்று வைத்தது. இரண்டரை அடி உயர மேசையையும் முதுகு சாயும் நாற்காலிகளையும் அதன் முன்னால் போட்டால், காற்று நாற்காலியின் முதுகில் மோதி நிற்கும். சுவரில் இருக்கும் மாடம், சுவர் அலமாரி, உறி மாட்டும் வளையம் எல்லாமே உட்கார்ந்த மனிதனை அளவாக வைத்து அமைந்தவை. அந்த அளவைப் புரிந்துகொள்ளாமல் சாமான் வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்த வீட்டுக்கு அது பொருந்தாது.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கோபம் வரவழைக்கலாம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பழைய வீட்டுக்குப் பழைய சாமான்தான் எடுப்பாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன. அங்கே போகிறீர்கள். பித்தளைக் குமிழ் வைத்த இரட்டைக் கதவு. அதைப் படுக்கப் போட்டு மேலே கண்ணாடி வைத்தால் சாப்பாட்டு மேசை. கடைந்த தேக்குத் தூண். நான்காக அறுத்தால் மேசைக் கால்கள். செதுக்கிய நிலை, சுவரில் மாட்டினால் முகம் பார்க்கும் கண்ணாடிச் சட்டம். ஆட்டுக்கல்லைக் குடைந்து கை கழுவும் தொட்டி செய்து தருகிறார்கள். வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்துவிட்டோம் என்று மனம் நிறைகிறீர்கள்.

அந்தக் கதவு எங்கிருந்து வந்தது? 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் செல்வமும் போயிற்று. அதன்பின் தலைமுறைக்குத் தலைமுறை பங்குதாரர்கள் பெருகினார்கள். ஐம்பது பேருக்குப் பங்குள்ள வீட்டில் ஓடு மாற்றுவதற்குக்கூட ஒருமித்த சம்மதம் கிடைக்காது. முடிவில் வீடு மரத்தின் விலைக்குப் போகும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதியை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. பட்டியலில் பெயர் ஏறியதால் கடப்பாரை ஓயவில்லை. ஒரு தூணுக்கு நகரத்தில் விலை இருக்கும்வரை, நின்றுகொண்டிருக்கும் வீட்டைவிடப் பிரித்துப்போட்ட வீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்த விலையைக் கொடுப்பது நீங்கள். இங்கே ஒரு வீட்டைக் காப்பாற்றிய அதே கையால் அங்கே ஒரு வீட்டை இடிக்கக் காசு கொடுக்கிறீர்கள்.

செட்டிநாட்டில் மட்டும் நடப்பதல்ல இது. எங்கள் பக்கத்திலும் தரகர்கள் வருகிறார்கள். வீட்டுக்காரர் இடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கதவுக்கு இவ்வளவு, தூணுக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் வைத்துவிடுகிறார்கள். அப்படிக் கழன்ற நிலை ஒன்று மினி லாரியில் ஏறியதை நான் கிட்ட நின்று பார்த்தேன். மேல்கட்டையில் மஞ்சளும் குங்குமமும் அப்பி அப்பித் தடித்துப்போன பொட்டுகள். உள்பக்கத்தில் சுண்ணாம்பால் இழுத்த பால் கணக்குக் கோடுகள், ஐந்தைந்தாக, குறுக்குக் கோடு போட்டு. சுவருக்குள் இருந்த பாகம் மட்டும் நிறம் மாறாமல் புது மரம் போல இருந்தது. கடைக்குப் போனதும் அமிலம் விட்டுத் தேய்த்து, அந்தப் பொட்டையும் கோட்டையும் எடுத்துவிட்டு மெருகேற்றிவிடுவார்கள். உங்கள் கைக்கு வரும்போது அதற்கு ஊரும் இருக்காது, வீடும் இருக்காது.

மதுரையில் கோயில் வளாகம் ஒன்றில் கிடந்த கல்தூண்களை 1912-ல் ஓர் அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கிப் போனார். இன்று அவை பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் ஒரு மண்டபமாக நிற்கின்றன. போனது போனதுதான், எனக்கு அதில் வருத்தமே. ஆனாலும் அந்தத் தூண்கள் மதுரையிலிருந்து வந்தவை என்று அங்கே போகிறவர் தெரிந்துகொள்ள முடிகிறது. உங்கள் மேசைக்குக் காலாக நிற்கும் தூண் எந்த ஊர், யார் வீடு என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாதபடி தடுக்கிறது. ஊர்விட்டு ஊர் போகும் கதவை அது தடுக்காது. உங்கள் மனச்சாட்சிதான் தடுக்க வேண்டும்.

முறையாகப் பிரித்தவர்களும் உண்டு. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960-களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடு, முற்றத்தைச் சுற்றி எழுந்த வீடு. மனை கைமாறி இடிபடும் நிலை வந்தபோது, அதைக் கல் கல்லாக, ஓடு ஓடாக எண் போட்டுப் பிரித்து, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவும் அந்த வழியில் வந்ததுதான். தென்னாட்டின் பல ஊர்களிலிருந்து வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, தெருத் தெருவாக நிறுத்தியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் அங்கே இருக்கிறது. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் இப்படிப் பிரிக்கலாம், முழு வீடாக. சாமான் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அங்கே போய், கையில் அளவு நாடாவோடு, எந்த ஜன்னல் எவ்வளவு உயரம், மணைப்பலகை எவ்வளவு அகலம் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கடைக்குப் போவதைவிட அது பயன்படும்.

அப்படியானால் தரையில்தான் உட்கார வேண்டுமா, எங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வயதானவர்களைத் தரையில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் பாரம்பரியம் எனக்கும் வேண்டாம். இதற்கு விடை நம் கல்யாண மண்டபங்களிலேயே இருக்கிறது. ஒன்றரை அடி அகலத்தில் நீளமான மேசை, ஒரு பக்கம் மட்டும் ஆள் உட்காரும், எதிர்ப்பக்கத்திலிருந்து பரிமாறுவார்கள். பந்தியைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்திய ஏற்பாடு அது, வேறொன்றும் மாறவில்லை. அகலம் குறைவு என்பதால் தாழ்வாரத்தில் சுவரோரம் அடங்கும். முதுகு சுவர்ப்பக்கம், முகம் முற்றத்தைப் பார்த்து. முற்றத்தில் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். நாற்காலிக்குப் பதில் முதுகில்லாத நீள பெஞ்சு போட்டால் ஜன்னலும் மறையாது. கால்களை மடக்கும்படி செய்துவிட்டால் வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்து வைத்துக் கூடத்தைக் கூடமாகவே வைத்திருக்கலாம். காரைக்குடியில் 1999 முதல் விருந்தினரை ஏற்கும் பங்களா விடுதியில் மேசையில்தான் உட்கார வைக்கிறார்கள், போடுவது வாழையிலை. மேசை வந்ததால் பந்தி கெட்டுப்போகவில்லை.

உட்கார முடிந்தவர்களுக்குத் தரையே போதும். ஒருவர் சம்மணமிட இரண்டடி அகலம், முன்னால் இலைக்கு ஒன்றரை அடி, பரிமாறுகிறவர் நடக்க மூன்றடி. இந்தக் கணக்கில் உங்கள் கூடத்தை அளந்து பாருங்கள், எட்டுப் பேருக்கு மேசை போடும் இடத்தில் அதைவிட அதிகம் பேர் உட்காரலாம். நீளக் கோரைப் பாய் நெய்து வாங்குங்கள். மணைப்பலகைகள் செய்துகொள்ளுங்கள். ரெட் ஆக்சைடு தரையில் எதையும் இழுக்காதீர்கள். மேசைக் காலுக்கும் பெஞ்சுக் காலுக்கும் அடியில் கம்பளித் துணி ஒட்டுங்கள், ஒரு தடவை கீறினால் அந்த நிறத்தில் மறுபடி ஒட்டுப்போட முடியாது. அலமாரியைச் சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், சுவர் காய வேண்டும். விசிறிக்காகப் பழைய உத்திரத்தில் துளை போடுவதைவிட, பட்டை இரும்பால் உத்திரத்தைச் சுற்றிக் கவ்வி அதில் மாட்டுங்கள், நாளைக்குக் கழற்றினால் தடம் இருக்காது. கை கழுவ முற்றத்தின் மூலையில் ஒரு குழாயும் அதன் கீழே கல்லும் போதும். கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகட்டும். ஆட்டுக்கல் ஆட்டுக்கல்லாகவே இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் யாரிடம் செய்யச் சொல்வது? எங்கள் ஊர்த் தச்சரிடம். நகரத்து மரச்சாமான் கடையில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு, உங்கள் கண்ணெதிரே, உங்கள் தாழ்வாரத்தின் அளவுக்கு அவர் செய்து தருவார். இந்த வட்டாரத்தில் வேம்பும் பூவரசும் எப்போதும் உண்டு. வேம்பை ஆறப்போட்டு அறுத்தால் பூச்சி எளிதில் அண்டாது. பூவரசு இழைத்தால் நடுவில் காப்பி நிறத்தில் ரேகை எழும். ஏர்க்கலப்பையும் வண்டிச் சக்கரமும் கதவு நிலையும் செய்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் இருந்தன. டிராக்டர் வந்து கலப்பை போயிற்று, கம்பெனிக் கதவு வந்து நிலையும் போயிற்று. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று சென்ட்ரிங் பலகை அடிக்கப் போகிறார்கள். கழுந்தும் துளையும் வைத்து ஆணி இல்லாமல் மரத்தைப் பூட்டத் தெரிந்த கை, கான்கிரீட் காய்ந்ததும் பிரித்துப் போடும் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் ஒரு பந்தி மேசையும் பத்து மணைப்பலகையும் கேட்டால் அந்தக் கைக்கு ஒரு மாத வேலை. இந்தப் பக்கம் வீடு எழுப்புகிற ஒவ்வொருவரும் கேட்டால், அவர் மகன் அந்தத் தொழிலிலேயே நிற்கலாமா என்று யோசிப்பான். தூணை அறுத்து மேசை செய்பவரிடம் போகும் பணம் ஒரு தச்சரைக்கூட உருவாக்காது.

இனி நான் கடைசியில் சொல்கிறேன் என்று வைத்த விஷயம்.

பந்தி என்று இவ்வளவு பேசினேன். பழைய பந்தி நல்ல பந்தி என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சீரமைக்கும் வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஆண்கள் முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில், முதல் பந்தியில். பெண்கள் கடைசியில், அடுப்படி ஓரத்தில், மிச்சமிருந்ததை. நாற்று நட்டவர்களும் களம் அடித்தவர்களும் கொல்லையில், அவர்களே கொண்டுவந்த பாத்திரத்தில், எட்ட நின்று ஊற்றிய கூழை. அந்த வீட்டின் நெல் முழுவதும் அவர்கள் கையால் விளைந்தது. திண்ணையைத் தாண்டி உள்ளே வந்து உட்கார அவர்களுக்கு இடம் இல்லை.

எங்கள் வட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய குடவோலை விதிகள். ஊர்ச்சபையின் வாரியத்துக்குப் பெயர் எழுத, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்று எழுதியவர்களின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அது பிராமணர்களின் சபை. மனையும் வீடும் இல்லாதவர், பெண்கள், உழுதவர்கள் யாருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆயிரம் ஆண்டுகளாக எங்கள் மண்ணில் வீடு என்பது மதிலாகவும் இருந்திருக்கிறது. வீட்டை மீட்கும்போது அந்த மதிலையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது.

சாப்பிடும் வரிசைக்காகத் தமிழ்நாடு போராடியிருக்கிறது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது, 1920-களின் நடுவில் காங்கிரசையே உலுக்கியது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடைகளில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கிய வழக்கம் 1941-ல்தான் ஒழிந்தது. இன்றும் ஆகஸ்டு 15 அன்று கோயில்களில் அரசு சமபந்தி விருந்து நடத்துகிறது. ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது இங்கே கேட்டு வாங்கிய உரிமை. அதை உங்கள் கூடத்தில் தினமும் நடத்திக்காட்டும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. எட்டு நாற்காலி மேசையில் அது முடியாது. ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை என்று அந்த மேசையே சொல்லிவிடும். பந்தியில் இன்னொரு இலை போட எப்போதும் இடம் உண்டு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊரும் பேரும் வேண்டாம். சீரமைத்த ஒரு வீட்டின் புதுமனை புகுவிழாவுக்கு நானும் போயிருந்தேன். பழைய கதவை மேசையாக்கி, மேலே கண்ணாடி போட்டு, சென்னையிலிருந்து வந்த விருந்தினர்களை உட்கார வைத்துப் பரிமாறினார்கள். வெள்ளித் தட்டு, பித்தளை டம்ளர், எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுண்ணாம்பு அரைத்த பெண்களும், ஓடு மாற்றிய கொத்தனாரும், நிலையைச் சரிசெய்த தச்சரும் கொல்லைப் பக்கம் வேப்பமரத்தடியில் பொட்டலச் சாப்பாட்டைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. அவர்கள் பாட்டன் காலத்தில் அதே கொல்லையில்தான் கூழ் வாங்கிக் குடித்திருப்பார்கள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், வேண்டுமென்று செய்தவரல்ல. மேசையில் இடம் இல்லை, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டைப் பழைய மாதிரி ஆக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பழைய மாதிரியே ஆக்கிவிட்டீர்களே என்று அன்றைக்குக் கேட்க நினைத்தேன். விழா வீட்டில் கேட்க வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதைத்தான் இப்போது உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

ஆகையால் என் வேண்டுகோள் இது.

சாப்பாட்டுக் கூடத்துக்காக முற்றத்தை மூடாதீர்கள். பிரித்த வீட்டின் கதவையும் தூணையும் நிலையையும் வாங்காதீர்கள். வாங்குகிறவர் இல்லை என்றானால் தரகர் எங்கள் தெருவுக்கு வர மாட்டார். உங்கள் வீட்டிலேயே கழன்று கிடந்த பழைய கதவு இருந்தால் அதைக் கதவாகவே மாட்டுங்கள். மேசை வேண்டுமென்றால் ஒடுக்கமான பந்தி மேசையாக, ஊர்த் தச்சரிடம், ஊர் மரத்தில், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். தன் பெயரையும் ஆண்டையும் மேசையின் அடிப்பக்கத்தில் செதுக்கச் சொல்லுங்கள். நூறு வருஷம் கழித்து அதை எடுப்பவருக்கு அது யார் கை வேலை என்று தெரிய வேண்டும்.

அந்த வீட்டில் முதல் பந்தி போடும்போது கொத்தனாரையும் சித்தாளையும் தச்சரையும் ஓடு வேய்ந்தவரையும் முற்றத்தைப் பார்த்த வரிசையில் உட்கார வையுங்கள். சமைத்த பெண்களும் அதே பந்தியில் உட்காரட்டும். நீங்கள் பரிமாறுங்கள். கொல்லைப் பக்கம் யாருக்கும் இலை போட வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு எழுப்புகிறீர்கள் என்றால் சாமான் வாங்கப் போகும் முன் சாலவாக்கம் வந்து தச்சர்களைப் பாருங்கள். உங்கள் தாழ்வாரத்தின் நீள அகலத்தை மட்டும் ஒரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். மரம் இங்கே இருக்கிறது, செய்கிற ஆளும் இருக்கிறார்.

இப்படிக்கு,
சாலவாக்கத்திலிருந்து உங்கள் அன்புள்ள ஊர்க்காரர்